சாம்பிராணிப் புகையும் லேசர் கண்ணும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் வானொலியும் குறுந்தட்டும் கேட்கும் ஹைஃபை செட்டுகளைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பழுது பார்க்கும் மேசையின் முன் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். "போய்விட்டது" என்று என்னிடம் கொண்டுவரப்படும் செட்டுகளில் பலவும் உண்மையில் போனவையல்ல. அழுக்கேறியவை, ஈரம் பட்டவை, அல்லது வயர் தவறாக மாட்டப்பட்டவை. இவற்றைச் சரிபார்க்கும் முன் எந்தத் திருகாணியையும் திருப்பக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

கேள்வி: எங்கள் செட்டில் குறுந்தட்டைப் போட்டால் சிறிது நேரம் சுழன்றுவிட்டு, "தட்டு இல்லை" என்று காட்டி நின்றுவிடுகிறது. சில நாள்களில் பாடினாலும் கடைசிப் பாடல்களில் திக்குகிறது. லேசர் போய்விட்டது, வேறு செட் வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். மறைந்த என் கணவர் வாங்கிய செட் என்பதால் விட மனமில்லை. – தோட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, செட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் இரண்டு குறைகளை எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம்.

குறுந்தட்டின் பாடல்கள், பழைய இசைத்தட்டைப் போல வெளியிலிருந்து உள்ளே போவதில்லை. நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகின்றன. முதல் பாடலின்போது தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றும், கடைசியில் ஏறத்தாழ 200 சுற்றும் சுழலும். பாடல் பதிந்துள்ள சுருள் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் 600-க்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கியிருக்கின்றன. அந்தக் கோட்டைத் தவறவிடாமல் தொடர்ந்து போகும் வேலையைச் செய்வது, உளுந்துப் பருப்பளவே உள்ள ஒரு சிறு லென்ஸ்.

முதலில் தட்டின் குறையா, செட்டின் குறையா என்று பிரித்துப் பாருங்கள். ஒரே தட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திக்கினால் தட்டில்தான் கீறலோ கறையோ இருக்கிறது. எந்தத் தட்டைப் போட்டாலும் வெவ்வேறு இடங்களில் திக்கினால் குறை செட்டில் இருக்கிறது. கடையில் வாங்கிய தட்டு பாடி, வீட்டில் பதிவு செய்த தட்டு மட்டும் பாடவில்லையென்றால், லென்ஸ் அழுக்கேறியிருக்கலாம் அல்லது லேசரின் ஒளி மங்கத் தொடங்கியிருக்கலாம். அழித்து மீண்டும் பதியக்கூடிய வகைத் தட்டுகள் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால், பழைய செட்டுகள் பலவும் அவற்றைப் படிப்பதே இல்லை. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

"தட்டு இல்லை" என்று காட்டுவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம், லென்ஸின்மேல் படிந்த மெல்லிய படலம். சென்ற மாதம் ஒரு வீட்டிலிருந்து வந்த செட்டைத் திறந்தபோது, உள்ளே தூசி அதிகமாக இல்லை. ஆனால் லென்ஸ் பால் கலந்த கண்ணாடியைப் போல மங்கிக் கிடந்தது. பஞ்சுக் குச்சியை ஒருமுறை மெல்லச் சுழற்றியதும் அதன் நுனி தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு மாறியது. முகர்ந்து பார்த்தேன், சாம்பிராணி வாசம் அடித்தது. விசாரித்ததில், சாமி மேடைக்கு நேர் கீழே உள்ள அலமாரியில்தான் செட்டை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போடும் சாம்பிராணியும் ஊதுவத்தியும் சமையலறையின் எண்ணெய்ப் புகையும் காற்றோட்டத் துளைகள் வழியே உள்ளே போய் லென்ஸில் ஒட்டிக்கொள்கின்றன. பூஜையை விட வேண்டியதில்லை. செட்டை வேறு சுவரோரம் மாற்றினால் போதும்.

துடைக்கும் முறையைச் சொல்கிறேன். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருங்கள், ஏனென்றால் செட்டின் முன்பக்கப் பொத்தானை அணைத்தாலும் உள்ளே 240 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். மேலே மூடி திறக்கும் வகையென்றால் லென்ஸ் கண்ணெதிரே இருக்கும். தட்டு வைக்கும் தட்டம் வெளியே நீளும் வகையென்றால் மேல் மூடியைக் கழற்ற வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பழக்கமுள்ளவரிடம் விடுவது நல்லது. பஞ்சுக் குச்சியில் மருந்துக் கடையில் விற்கும் ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலை ஒரு சொட்டு மட்டும் தொட்டு, இமையைத் தடவுவதுபோல் லென்ஸின்மேல் சுழற்றி, பிறகு காய்ந்த குச்சியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். அந்த லென்ஸ் முடியளவு கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது; அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். தின்னர், நகச்சாய நீக்கி, வாசனைத் திரவியம், கண்ணாடி துடைக்கும் நீர் எதுவும் வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக்கால் ஆனது. சிறு தூரிகை ஒட்டிய துப்புரவுத் தட்டு உலர்ந்த தூசியைத்தான் தட்டிவிடும், புகைப் படலத்தை அது அகற்றாது.

மூடி திறந்திருக்கையில் யாரும் செட்டை இயக்கி லென்ஸை நேராகக் குனிந்து பார்க்கக் கூடாது. குறுந்தட்டு லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 780 நானோமீட்டர். அது கண்ணுக்கு மிக மங்கிய சிவப்பாகத்தான் தோன்றும், ஆகவே ஒளி குறைவு என்று ஏமாந்துவிடுவோம். செட்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் "முதல் வகை லேசர்" என்ற சீட்டு, மூடி மூடியிருக்கும்போது ஆபத்தில்லை என்பதையே சொல்கிறது.

அடுத்து, கடைசிப் பாடல்களில் திக்குவது. லென்ஸைத் தாங்கும் பாகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓர் எஃகுத் தண்டின்மேல் நகர்ந்து செல்கிறது. அந்தத் தண்டில் தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் ஆண்டுகள் செல்லச் செல்ல மெழுகாக இறுகி, தொடக்கத்தில் நகரும் பாகத்தைப் பாதிவழியில் பிடித்து நிறுத்துகிறது. பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை கிரீஸை அரிசி மணியளவு தடவினால் செட் மீண்டும் கடைசிவரை பாடும். தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விடாதீர்கள். விட்ட அன்று நன்றாக ஓடும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும், அதைச் சுத்தம் செய்ய இரட்டிப்பு நேரம் பிடிக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லேசர் பாகத்தின் ஓரத்தில் ஊசிமுனைத் திருப்புளி நுழையுமளவு ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் லேசருக்குப் போகும் மின்சாரம் கூடும், படிக்காத செட் அன்றைக்கே படிக்கும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்த லேசர் சில வாரங்களிலோ மாதங்களிலோ கருகிவிடும். மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியில் வடிவம் பார்த்து அளவிடாமல் அந்தத் திருகைத் தொடுவது, காய்ச்சல்காரனுக்கு அளவு பார்க்காமல் மருந்தை ஊற்றுவதற்குச் சமம். லென்ஸைத் துடைத்து, தண்டைச் சுத்தம் செய்த பிறகும் படிக்கவில்லையென்றால் லேசர் பாகத்தையே மாற்றிவிடலாம். பல செட்டுகளுக்கு இன்னமும் அது கிடைக்கிறது. புதுப் பாகத்தில் நிலைமின்சாரம் தாக்காமலிருக்க ஒரு புள்ளி ஈயம் வைத்து இரு முனைகளை இணைத்திருப்பார்கள். பட்டை வயரை மாட்டிய பிறகு அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டு, வாங்கிய பாகமும் கெட்டது என்று திருப்பி அனுப்பிய இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கிள்ளானிலிருந்து பேராவுக்கு வீடு மாறி வந்தோம். அங்கே 96.3-இல் மின்னல் வானொலி தெளிவாகக் கேட்டது. இங்கே அதே எண்ணில் வெறும் இரைச்சல். மற்ற நிலையங்களும் "ஸ்ஸ்" என்ற ஓசையோடுதான் வருகின்றன. ரேடியோ பகுதி கெட்டுவிட்டதா? – ஒரு வாசகர்

பதில்: கெடவில்லை, ஐயா. 96.3 என்பது கிள்ளான் பள்ளத்தாக்குக்கான அலைவரிசை. பண்பலை நேர்க்கோட்டில் செல்லும் அலையாகையால் ஒரு கோபுரத்தைக் கொண்டு நாடு முழுவதும் ஒலிபரப்ப முடியாது. ஒரே நிலையம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு எண்ணில் வருகிறது. செட்டின் தானியங்கித் தேடலை 87.5 தொடங்கி 108 வரை ஒருமுறை ஓடவிட்டு, கிடைத்த நிலையங்களைப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே நிலையம் இரண்டு எண்களில் கிடைத்தால் பலமாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலுக்கு ஆண்டெனாதான் காரணமாக இருக்க வேண்டும். செட்டோடு கொடுத்த வயரைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் திணித்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். கூரை துத்தநாகத் தகரமாகவும் சுற்றிலும் மலையாகவும் இருக்கும் வீட்டில் அந்த வயருக்கு அலை எட்டவே எட்டாது. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர்; அதில் பாதியான ஒன்றரை மீட்டர் அளவுக்கு, அதாவது பக்கத்துக்கு 75 சென்டிமீட்டராக, ஆங்கில "டி" எழுத்தைப்போல் விரித்த வயர் ஆண்டெனாவை ஜன்னலோரம் உயர்த்திக் கட்டுங்கள். ஒருமுறை கிடையாகவும் ஒருமுறை செங்குத்தாகவும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கோபுரம் அலையை எந்த வாட்டத்தில் அனுப்புகிறதோ அந்த வாட்டத்தில்தான் நன்றாகப் பிடிக்கும்.

அப்போதும் இரைச்சல் இருந்தால் "மோனோ" பொத்தானைப் பயன்படுத்துங்கள். ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடது, வலது ஒலிகளின் கூட்டல் ஒருபுறம் செல்ல, அவற்றின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருகிறது. 19 கிலோஹெர்ட்ஸில் வரும் வழிகாட்டி ஒலியைக் கண்டால்தான் செட் ஸ்டீரியோ விளக்கை ஏற்றுகிறது. சமிக்ஞை பலவீனமாக இருக்கும்போது இரைச்சலில் பெரும்பகுதி அந்தத் துணை அலையோடுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. மோனோவுக்கு மாற்றியதும் பாடல் குறுகியது போலத் தோன்றினாலும், செய்தியும் பேச்சும் துல்லியமாகக் கேட்கும். பொத்தான் இல்லாத செட்டுகளில் ரிமோட்டில் "எஃப்எம் மோட்" என்று இருக்கும்.

புதிதாக வாங்கிய மலிவு எல்இடி விளக்கையும் கைப்பேசி சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்தால் இரைச்சல் போகிறதோ அதுதான் குற்றவாளி.

கேள்வி: ஒலியைக் கூட்டும் குமிழைத் திருப்பும்போது "கரகர" என்கிறது, சில சமயம் ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. – தாப்பா வாசகர்

பதில்: குமிழுக்குள் இருக்கும் தொடுமுனை நம் ஊர் ஈரத்தில் கறுத்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, மின்னணுத் தொடுமுனைகளுக்கென்றே விற்கும் தூவியைக் குமிழ்ப்பெட்டியின் சிறு திறப்பில் ஒரு நொடி தெளித்து, முழு அளவுக்கும் இருபது முப்பது முறை திருப்பிவிட்டு, நன்கு காய்ந்த பின் இயக்குங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய்த் தூவி வேண்டாம். அது தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மின்சாரம் ஐந்து நிமிடம் நின்றாலும் கடிகாரமும் பதிவு செய்த நிலையங்களும் அழிந்துவிடுகின்றன. – பீடோர் வாசகி

பதில்: நினைவைத் தாங்கிப் பிடிக்கும் சிறு காப்பு கெப்பாசிட்டர் முதுமையடைந்துவிட்டது. நாணய அளவில் பொத்தானைப்போல் இருக்கும் அதை மாற்றுவது அரை மணி நேர வேலை.

கேள்வி: தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்காகப் பழைய செட்டோடு நண்பர் வீட்டுப் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் சேர்த்து மாட்டினோம். ஒலியைக் கூட்டியதும் செட் தானாக அணைந்து, "புரொடெக்ட்" என்று காட்டுகிறது. – ஓர் இளைஞர்

பதில்: தம்பி, செட் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது, அதற்காக நன்றி சொல்ல வேண்டும். உங்கள் செட்டின் பின்புறம் ஸ்பீக்கர் முனையருகே 6 ஓம் அல்லது 8 ஓம் என்று, இணைக்க வேண்டிய ஸ்பீக்கரின் மின்தடை அளவை அச்சிட்டிருக்கும். 6 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் பக்கவாட்டில் இணைத்தால் செட்டுக்கு அது 3 ஓமாகத் தெரியும். தாங்கக்கூடியதைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தை ஆம்பிளிஃபயர் கொடுக்க வேண்டிவரும். சூடேறி அணைந்தது அதனால்தான். அந்தப் பாதுகாப்புச் சுற்று இல்லாத மலிவுச் செட்டாக இருந்திருந்தால், ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் சில்லான வெளியீட்டு ஐசி எரிந்து விருந்து நடுவிலேயே புகை வந்திருக்கும். வந்தவர்களுக்கு ஒலி போதவில்லையென்றால் அன்றைக்கு மட்டும் ஒலியமைப்பை வாடகைக்கு எடுங்கள்.

கூடுதல் ஸ்பீக்கர்களைக் கழற்றிய பிறகும் அதே சொல் காட்டினால், வயர் முனையில் பிரிந்த ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொடுகிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த ஓர் இழைக்காகவே முழுச் செட்டையும் மேசையில் கிடத்தியிருக்கிறேன்.

மாட்டும்போது சிவப்பு முனைக்குச் சிவப்பும் கறுப்புக்குக் கறுப்பும் போக வேண்டும். ஒரு பக்கம் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற்போய், பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வயர் நிறம் அழிந்திருந்தால், 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். கூம்பு முன்னால் வந்தால், பேட்டரியின் கூட்டல் பக்கம் தொட்ட வயர்தான் கூட்டல். கூம்பின் விளிம்பில் நுரை வளையம் இருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெயிலிலும் ஈரத்திலும் அது பிஸ்கட்டைப்போல் உதிர்ந்துவிடும். முழு ஸ்பீக்கரையும் எறியாமல் வளையத்தை மட்டும் மாற்றி ஒட்ட முடியும்.

கேள்வி: இடி இடித்த மறுநாள் செட் உயிரற்றுக் கிடக்கிறது. சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தோம். – ஒரு வாசகர்

பதில்: கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்கள் இடி கேட்கிறது, மலையடிவாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்னலின் வேகத்துக்குச் சுவிட்சின் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. வானம் இருண்டதும், இடி நெருங்கும் முன்பே, பிளக்கையும் கூரைமேல் உள்ள ஆண்டெனா வயரையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள். ஆண்டெனாவை விட்டுவிட்டுப் பிளக்கை மட்டும் கழற்றுவது, முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவைப்பதைப் போன்றது.

இப்போது மூன்று முனைப் பிளக்கைத் திறந்து ஃபியூஸைச் சோதியுங்கள். போயிருந்தால் புதிதாக 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கடைகளில் எல்லாவற்றுக்கும் 13 ஆம்பியரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது கேத்தலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உரியது. ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்த பிளக்குகளை இன்றும் பார்க்கிறேன். தோட்ட வீடுகளில் பலகைச் சுவர்கள் உண்டு, குழந்தைகள் உறங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புது ஃபியூஸும் உடனே போனால் உள்ளே பழுது இருக்கிறது; மேலும் முயலாமல் கொண்டுவாருங்கள்.

கேள்வி: 2003-இல் எங்கள் தாத்தா தோட்டத்துக் கோயிலில் தேவாரம் பாடியதை அண்ணன் குறுந்தட்டில் பதிவு செய்தார். தாத்தாவின் குரல் எங்களிடம் அந்த ஒரே தட்டில்தான் இருக்கிறது. இப்போது நடுநடுவே நின்றுவிடுகிறது. தட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை பூசலாமா? – சுங்கை சிப்புட் வாசகி

பதில்: சகோதரி, பசை பூச வேண்டாம், இனி அந்தத் தட்டைச் செட்டில் போடவும் வேண்டாம்.

கடையில் விற்கும் தட்டில் பாடல்கள் அச்சில் குழிகளாக அழுத்தப்பட்டவை. வீட்டில் பதிவு செய்த தட்டிலோ லேசர் ஒரு சாயப் படலத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. அந்தச் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மெல்ல வெளுத்துப்போகிறது. இருபது ஆண்டுகள் கடந்த தட்டு தாங்கி நின்றதே பெரிது. மேலும், பதிவு இருப்பது நாம் பளபளவென்று பார்க்கும் அடிப்பக்கத்தில் அல்ல, 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைத் தாண்டி, பெயர் எழுதும் மேல்பக்கத்தை ஒட்டி, மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ் இருக்கிறது. ஆகவே அடிப்பக்கத்துக் கீறலைச் சில சமயம் தேய்த்துச் சரிசெய்யலாம்; மேல்பக்கம் கீறினால் குரலே உரிந்து போய்விடும். மேலே காகித லேபிள் ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்க முயலாதீர்கள், வெள்ளிப் படலமும் சேர்ந்து வந்துவிடும்.

அடிப்பக்கத்தில் விரல் ரேகை மட்டும் இருந்தால், மென்மையான பருத்தித் துணியைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கும்போது விழும் கீறல் பாடல் கோட்டின் வழியே நீண்டு போகும். குறுக்கே விழும் சிறு கீறலைச் செட்டின் பிழைதிருத்தும் முறை தானே நிரப்பிக்கொள்ளும்.

பிறகு அதைக் கணினியில் பிரதி எடுக்க வேண்டும். தட்டு இயக்கி உள்ள கணினியில், தயங்கும் இடத்தை மெதுவான வேகத்தில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஹைஃபை செட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணினியின் இயக்கி தவறவிட்ட பகுதியை இன்னொன்று படித்துவிடுவதும் உண்டு என்பதால், இரண்டு மூன்றில் முயன்று, நன்றாக வந்த பகுதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கிடைத்ததை இரு வேறு இடங்களில், ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை அண்ணன் வீட்டிலுமாக வைத்திருங்கள்.

தட்டைப் பெட்டியிலிட்டு, வெயில் படாமல் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த அளவில் பிரதி எடுத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.